கன்று வீசிய மாட்டுக்கு என்ன ஊசி போடுவது?

"மாடு நாள் நிறையாமலே கன்று வீசிவிட்டது டாக்டரம்மா, என்ன ஊசி போடலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: விழுந்ததை எந்தக் கையால் எடுத்தீர்கள்? உடனே தங்கள் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொல்வேன். ஊசிப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

நான் கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த 1989-இல் எங்கள் கடலூர்ப் பகுதி தென்னாற்காடு மாவட்டம். சென்னை வேப்பேரிக் கால்நடைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பெண் மாட்டுக்குள் தோள்வரை கைவிடுவாளா என்று வேடிக்கை பார்க்கவே தெருவில் கூட்டம் கூடும். குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, நெல்லிக்குப்பம் என்று முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது மஞ்சக்குப்பத்தில் ஓய்வாக இருக்கிறேன் என்று பெயர். பழைய ஊர்க்காரர்களும் பாகூர்ப் பக்கத்து உறவினர்களும் விடுவதில்லை. அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

அடிபடவில்லை, தீனியில் குறைவில்லை, நேற்று மாலை வரை நன்றாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அப்படி இருந்த மாடு ஏழாம், எட்டாம் மாதச் சினையில் கன்று வீசினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புருசெல்லோசிஸ். கால்நடைத் துறையினர் கன்று வீச்சு நோய் என்றே எழுதுகிறார்கள். ஐந்தாம் மாதத்திலிருந்தே நிகழலாம். நஞ்சுக்கொடி தானாக விழாமல் தங்கிவிடும். விழுந்தாலும் தோல்போலத் தடித்து, மஞ்சளாகச் சளி படிந்திருக்கும். காளைக்கு வந்தால் விதைப்பை வீங்கும். நாள்பட்ட மாடுகள் சிலவற்றுக்கு முன்னங்கால் முட்டியில் நீர்க்கட்டி தொங்கும். வெயில், கெட்ட தீவனம், எலிச் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரா கிருமி, சில வைரஸ்கள் என்று கன்று வீசப் பல காரணங்கள் உண்டு என்பதும் உண்மை. ஆனால் காரணம் தெரியும்வரை புருசெல்லோசிஸ் என்றே வைத்துக்கொண்டு நடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

கிருமியின் பெயர் புருசெல்லா அபார்ட்டஸ். 1887-இல் மால்டா தீவில் காய்ச்சலில் இறந்த படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் இதன் பங்காளிக் கிருமியைப் பிரித்தெடுத்தார். மாட்டில் இருப்பதைப் பத்து ஆண்டுகள் கழித்து, 1897-இல், டென்மார்க்கின் பெர்ன்ஹார்டு பாங் கண்டறிந்தார். இரண்டும் ஒரே குடும்பம் என்று புரிய இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மாட்டு நோய் வேறு, மனித நோய் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அன்று அறிஞர்களுக்கே இருந்தது; நம் ஊரில் இன்றைக்கும் இருக்கிறது.

சினைமாட்டின் நஞ்சுக்கொடியில் எரித்ரிடால் என்றொரு பொருள் ஊறுகிறது. இந்தக் கிருமிக்கு அது பாயசம். அதனால்தான் மாட்டின் உடம்பில் எங்கேயோ சத்தமில்லாமல் கிடந்தது, சினை முற்றியதும் கருப்பைக்கு வந்து கோடி கோடியாகப் பெருகுகிறது. வீசிய கன்று, நஞ்சுக்கொடி, வழியும் நீர் மூன்றும் அந்த வீட்டிலேயே மிக ஆபத்தான பொருட்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

மற்ற மாடுகளை அவிழ்த்து வேறு பக்கம் கட்டுங்கள். பிள்ளைகளையும் நாயையும் விரட்டுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கொட்டகைப் பக்கமே வரக் கூடாது. இந்தக் கிருமி மனிதக் கருவையும் கலைக்கக்கூடியது. ஒரே ஒருவர் வேலையில் இறங்கினால் போதும். கையுறை இல்லையென்றால் ஓட்டையில்லாத நெகிழிப் பைகளைக் கையில் மாட்டி மணிக்கட்டில் நூலால் கட்டிக்கொள்ளலாம். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்ளுங்கள். காலில் செருப்பு அவசியம். கையில் வெட்டோ வெடிப்போ இருப்பவர் இதில் இறங்கவே வேண்டாம்.

பிறகு 1962 என்ற கால்நடை அவசர உதவித் தொலைபேசி எண்ணுக்கோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ சொல்லுங்கள். மருத்துவர் வந்து மாதிரி எடுக்கும்வரை கன்றையும் நஞ்சுக்கொடியையும் புதைக்க வேண்டாம். மூடிய பாத்திரத்திலோ கோணிக்கு அடியிலோ நாய் இழுக்காதபடி வையுங்கள். வீசிய கன்றின் வயிற்றுக்குள் இருக்கும் நீரில் கிருமியைத் தேடுவது எளிது. ஆத்திர அவசரத்தில் எல்லாவற்றையும் வாய்க்காலில் தள்ளிவிட்டு, "டாக்டரம்மா, என்ன நோய் என்று சொல்லுங்கள்" என்றால் நான் ஜோசியமா பார்ப்பது?

நஞ்சுக்கொடி தொங்கிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். கல்லைக் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உள்ளே கைவிட்டுப் பிய்த்தெடுப்பது கருப்பையைப் புண்ணாக்கும், எடுப்பவரையும் நோயாளியாக்கும். ஒரு காலத்தில் நாங்களே அப்படித்தான் எடுத்தோம்; கற்றுக்கொடுத்ததும் அப்படித்தான். நானும் அதற்கு விலை கொடுத்தேன், பின்னால் சொல்கிறேன்.

இனி ஆலமரம். நம் பக்கத்தில் மாடு ஈன்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஊர் எல்லை ஆலமரத்தில் கட்டுவார்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்று நம்பிக்கை. பண்ருட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரே கிளையில் பதினேழு பொட்டலங்களை எண்ணியிருக்கிறேன். காக்கை கொத்தும், மழையில் அழுகி விழும், நாய் இழுத்துக்கொண்டு அடுத்த தெருவின் கொட்டகை வாசலில் போடும். நிழலில் ஈரமாகக் கிடந்தால் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்; நேரடி வெயிலில்தான் சீக்கிரம் சாகும். ஆலமர நிழலைவிட அதற்கு வசதியான வீடு எது?

அந்த நம்பிக்கையைக் கேலி செய்து நான் ஒருமுறை பேசினேன். அந்தத் தெருவில் ஆறு மாதம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதன்பிறகு சொல்லும் விதத்தை மாற்றிக்கொண்டேன்: நஞ்சுக்கொடியைப் புதைத்துவிடுங்கள், வெறும் வைக்கோலை உருட்டி மரத்தில் கட்டுங்கள், கேட்கும் சாமி கேட்கட்டும். இதற்குப் பலபேர் இணங்கினார்கள்.

குழி நான்கு அடிக்குக் குறையக் கூடாது. அடியில் சுண்ணாம்பு, மேலே சுண்ணாம்பு, மண் தள்ளி மிதித்து, அதன்மேல் முள் போட வேண்டும். கடலோர மணலில் நாய் சுலபமாகத் தோண்டிவிடும் என்பதால் முள்ளை மறக்காதீர்கள். கிணறு, கைப்பம்பு பக்கத்தில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் பாகூரிலும் குறிஞ்சிப்பாடியிலும் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அப்போது மேட்டு இடம் தேடுங்கள், அல்லது விறகு அடுக்கி எரித்துவிடுங்கள்.

தரையில் படிந்ததைச் சாணத்தோடு சுரண்டி எடுத்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்ற வேண்டும். சாணத்தின் மேலேயே ஊற்றினால் பவுடர்தான் வீண். குழாயை அழுத்திப் பிடித்துப் பீய்ச்சாதீர்கள். தெறிக்கும் துளியைச் சுவாசித்தாலும் நோய் வரும். அந்த வைக்கோலை எரித்துவிடுங்கள். உடுத்தியிருந்த துணியைக் கொதிக்கும் நீரில் போட்டுத் துவையுங்கள்.

பரிசோதனை

பாதிப்பேர் இதைத் தாண்டிக் குதித்து ஊசிக்குப் போய்விடுகிறார்கள். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் ஒரு சொட்டு, ரோஸ் பெங்கால் என்ற இளஞ்சிவப்புச் சாயக் கரைசலில் ஒரு சொட்டு, இரண்டையும் கலந்து 4 நிமிடம் ஆட்டிப் பார்ப்பார்கள். மணல்போலத் திரிந்தால் பாசிட்டிவ். எலைசா என்ற நுட்பமான சோதனையால் அதை உறுதி செய்வார்கள். பாலிலும் பார்க்கலாம்: சாயம் ஏற்றிய கிருமிக் கரைசலைப் பாலில் விட்டு ஒரு மணி நேரம் வெதுவெதுப்பில் வைத்தால், நோயுள்ள பாலில் மேலே மிதக்கும் ஆடை நீல வளையமாக மாறும். கூட்டுறவுச் சங்கத்துக் கேனில் மொத்தமாகப் பார்க்க அது வசதி. சீம்பாலும் மடிவீக்கப் பாலும் அதில் பொய் சொல்லும்.

கன்று வீசிய அன்றே எடுத்த ரத்தம் நெகட்டிவ் என்று வரலாம். உடம்பு எதிர்ப்பொருளைத் தயாரிக்க நாளாகும். மூன்று வாரம் கழித்து மறுபடி எடுங்கள். முதல் நெகட்டிவை நம்பி மாட்டை மந்தையோடு சேர்த்துவிட்டு, மறு ஈற்றில் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாடு பாசிட்டிவ் என்றால் கொட்டகையிலுள்ள எல்லா மாட்டுக்கும் பார்க்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தின் பட்டியலில் இந்த நோய் இருக்கிறது. தெரிவிப்பது உங்கள் கடமையும்கூட.

இப்போது ஊசி

பாகூர்ப் பக்கத்தில் ஒரு பெரியவர். ஐந்து கலப்பின ஜெர்சி மாடுகள். சந்தையில் வாங்கிய ஏழு மாதச் சினைமாடு வந்த பதினைந்தாம் நாள் கன்று வீசியது. ஊரில் ஊசி போடுகிற ஒருவர் மூன்று நாள் ஸ்ட்ரெப்டோபெனிசிலினும், பிறகு ஒரு நீண்டநேர ஆக்சிடெட்ராசைக்ளினும் போட்டார்; இரண்டும் ஆன்டிபயாடிக். மறு ஆண்டு அதே மாடு பத்தாம் மாதம் அழகான கிடேரிக் கன்றை ஈன்றது. பெரியவருக்கு ஊசிமேல் அசையாத நம்பிக்கை வந்துவிட்டது. அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள், அதே கொட்டகையில் பிறந்து வளர்ந்த இரண்டு மாடுகள் அடுத்தடுத்துக் கன்று வீசின.

ஊசியே போடாமல் விட்டிருந்தாலும் அந்த முதல் மாடு மறு ஆண்டு அநேகமாக ஒழுங்காகத்தான் ஈன்றிருக்கும். புருசெல்லோசிஸ் வந்த மாடுகளில் பெரும்பாலானவை ஒரே ஒருமுறைதான் கன்று வீசும். அதன்பின் உடம்பு கிருமியோடு ஒரு சமரசத்துக்கு வந்துவிடுகிறது. கன்று முழுதாகப் பிறக்கும். கூடவே வரும் நஞ்சுக்கொடியிலும் பாலிலும் கிருமியும் வரும். பார்க்கிறவருக்கு மாடு குணமாகிவிட்டது. கடைசியாகப் போட்ட ஊசி எதுவோ அதற்குப் பெயர் கிடைக்கிறது. இந்த மாவட்டத்தில் புருசெல்லோசிஸுக்குக் கைகண்ட மருந்து என்று என்னிடம் சொல்லப்பட்ட பெயர்களை எழுதினால் ஒரு மருந்துக்கடையே வைக்கலாம். எல்லாம் இப்படிச் சம்பாதித்த பெயர்கள்.

மருந்து ஏன் தோற்கிறது? ரத்தத்தில் நுழையும் கிருமியை விழுங்கிக் கொல்ல நம் உடம்பிலும் மாட்டின் உடம்பிலும் காவல் அணுக்கள் இருக்கின்றன. புருசெல்லா விழுங்கப்பட்ட பிறகும் சாகாது. விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். அந்த அணு அதைச் சுமந்துபோய் நிணக்கழலைகளிலும் மண்ணீரலிலும் மடியிலும் சேர்க்கும். பெனிசிலின் அணுவுக்குள் போய் வேலை செய்யாது. ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் வெளியே அலையும் கிருமியைக் கொல்லும். உள்ளே அவற்றின் எட்டல் குறைவு. ஆக்சிடெட்ராசைக்ளின் உள்ளே போகும், ஆனால் கிருமியை வளரவிடாமல் நிறுத்தும் அளவுக்குத்தான். ஊசி நின்றதும் அது எழுந்துகொள்ளும்.

அப்படியானால் உள்ளே போவதையும் வெளியே கொல்வதையும் சேர்த்து நீண்ட நாள் போட்டால்? முயன்றிருக்கிறார்கள். 1980-களிலும் 90-களிலும் வெளிநாடுகளில் நீண்டநேர ஆக்சிடெட்ராசைக்ளினை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பல வாரங்களும், கூடவே ஸ்ட்ரெப்டோமைசினும், சில சோதனைகளில் மடிக்காம்பு வழியாகவும் மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒரு பகுதி மாடுகளில் கிருமி நின்றது, மீதியில் நிற்கவில்லை. எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை உயிரோடிருக்கும் மாட்டில் உறுதியாகச் சொல்ல வழி கிடையாது. இன்று பாலில் கிருமி இல்லை என்று வந்தாலும் அடுத்த ஈற்றில் கொட்டலாம்.

நம் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். 350 கிலோ மாடு. கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஆக்சிடெட்ராசைக்ளின் என்றால் 7,000 மில்லிகிராம். மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ள மருந்தில் ஒரு வேளைக்கு 35 மில்லி. ஓரிடத்தில் 10 மில்லிக்கு மேல் போடக் கூடாது என்று வைத்தால் நான்கு குத்து. மூன்று நாளுக்கு ஒருமுறை ஆறு வாரம் என்றால் 14 வேளை, 490 மில்லி, 56 குத்து. கழுத்தும் தொடையும் கட்டி கட்டியாக வீங்கிவிடும். அந்த 42 நாளும், அதற்குப் பின் மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் விலக்கு நாட்களும் பாலைக் கொட்ட வேண்டும். காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நம்ப முடியாது. நாளொன்றுக்கு 8 லிட்டர் என்றால் 336 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று போட்டாலும் 11,760 ரூபாய். இதில் மருந்து விலையும் ஸ்ட்ரெப்டோமைசினும் சேரவில்லை. இத்தனையும் செலவழித்து, குணமானதா என்று தெரியாத ஒரு மாடு கையில் மிஞ்சும். பாதியில் விட்டால் இன்னும் மோசம். அரைகுறை மருந்தில் பிழைத்த கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடவும் கூடும். டெட்ராசைக்ளின் குடும்பமும் ஸ்ட்ரெப்டோமைசினும்தான் உங்களுக்கு இந்த நோய் வந்தால் கொடுக்கப்படும் மருந்துகள் என்பதையும் இங்கே யோசிக்க வேண்டும்.

ஆகவே புருசெல்லோசிஸைக் குணமாக்க மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போடாதீர்கள். முப்பது ஆண்டில் நான் போட்டதுண்டா என்று கேட்டால், தொடக்கத்தில் போட்டிருக்கிறேன். மாட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது வெறும் கையோடு திரும்பும் துணிச்சல் அந்த வயதில் இல்லை.

ஆனால் கன்று வீசிய மாட்டுக்கு ஆன்டிபயாடிக்கே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. நஞ்சுக்கொடி தங்கி அழுகினால் வேறு கிருமிகள் கருப்பையில் புகும். காய்ச்சல், தீனி எடுக்காமை, நாற்றமடிக்கும் செந்நிற நீர் இவை இருந்தால் மருத்துவர் மூன்று முதல் ஐந்து நாள் ஊசி போடுவார். அது கருப்பைச் சீழுக்கான வைத்தியம், மாட்டின் உயிரைக் காப்பாற்றும், அதைத் தடுக்காதீர்கள். காய்ச்சல் இல்லை, தீனி தின்கிறது, நாற்றம் இல்லை என்றால் நஞ்சுக்கொடி சில நாட்களில் தானாக அழுகி விழும், காத்திருக்கலாம். எது போட்டாலும் மருந்தின் பெயரையும் தேதியையும் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் எழுதுங்கள். பாலை எப்போது ஊற்றலாம் என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உங்களுக்கு வந்தால்

மருந்து வேலை செய்யும் இடம் இதுதான். ஓர் ஊரில் பணியில் இருந்தபோது, கையுறை தீர்ந்துபோன ஒரு நாளில், வெறுங்கையால் நஞ்சுக்கொடி எடுத்தேன். முதல் நாள் அரிவாள்மனையில் பட்ட வெட்டு ஆள்காட்டி விரலில் இருந்தது. மூன்று வாரத்தில் மாலைதோறும் காய்ச்சல். விடியற்காலையில் புடவையைப் பிழியலாம், அப்படி வேர்க்கும். பகலில் ஒன்றும் இருக்காது, வேலைக்குப் போவேன். இடுப்பு வலியில் ஜீப்பிலிருந்து இறங்க இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். டைபாய்டு என்றார்கள், மாத்திரை சாப்பிட்டேன். குறைந்தது, திரும்ப வந்தது. காசநோயாக இருக்குமோ என்று படம் எடுத்தார்கள். மூன்றாம் மாதம் ஒரு மருத்துவர் மட்டும், "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள்தான் ஆனது. வெட்கக்கேடு என்னவென்றால், மாட்டில் பார்த்தவுடன் சொல்லக்கூடிய நோயை என் உடம்பில் நான் மூன்று மாதம் சந்தேகிக்கவே இல்லை.

டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் காலையும் மாலையும், ரிஃபாம்பிசின் தினமும் ஒருமுறை, இரண்டும் ஆறு வாரம். பெரியவர்களுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் முறை இது. ரிஃபாம்பிசினுக்குப் பதில் இரண்டு மூன்று வாரம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, அல்லது ஒரு வாரத்துக்கும் சற்று மேலாக ஜென்டாமைசின் கொடுப்பதும் உண்டு. முதுகெலும்பிலோ இதயத்திலோ தங்கிவிட்டால் மாதக்கணக்கில் நீளும். கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மருந்து வேறு. இதையெல்லாம் எழுதுவது நீங்கள் கடையில் வாங்கிச் சாப்பிட அல்ல. மருத்துவர் ஆறு வாரம் என்றால் ஏன் ஆறு வாரம் என்று தெரிய. பத்தாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். அப்போதுதான் எல்லாரும் நிறுத்துவார்கள். அணுவுக்குள் ஒளிந்திருப்பது மறுபடி வரும். ஒற்றை மருந்தோடு நிறுத்தினாலும் அப்படியே.

ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். டாக்சிசைக்ளினை ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்காதீர்கள். தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் நின்று புண்ணாக்கும். நான் படுத்தேன்.

காய்ச்சலுக்கு எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், "நான் மாடு வளர்க்கிறேன், சென்ற மாதம் ஒன்று கன்று வீசியது" என்று நீங்களே சொல்லுங்கள். ஆண்களுக்கு விதை வீக்கமாகவும் வரும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக் காலம் கடத்துவார்கள். பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். பச்சைப் பால் மருந்து என்று காலையில் மடியிலிருந்து நேராகக் குடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாதாட எனக்கு இப்போது தெம்பில்லை. பேரப்பிள்ளைகளுக்காவது கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

பாசிட்டிவ் மாட்டை என்ன செய்வது

ஆஸ்திரேலியா 1989-இல் இந்த நோயை ஒழித்து முடித்தது தடுப்பூசியாலும், பாசிட்டிவ் மாட்டை வெட்டுக்கு அனுப்பியும்தான். நம்மிடம் சட்டமும் மனமும் அதற்கு இடம் தராது. அது பற்றிப் பேசிப் பயனில்லை. நடக்கக்கூடியது, தனியே வைத்துக்கொள்வது. தனி இடம், தனித் தொட்டி, தனி வாளி. மற்ற மாடுகளையெல்லாம் கறந்த பிறகு கடைசியாக இதைக் கறந்து, கையைக் கழுவ வேண்டும். பாலைக் காய்ச்சாமல் வீட்டிலிருந்து வெளியே விடக் கூடாது. மறுபடி சினைப்படுத்தாமல் இருப்பது உத்தமம். ஏற்கெனவே சினையாக இருந்தால் ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பே தனிக் கட்டுத்தறிக்கு மாற்றி, ஈன்றபின் நீர் வடிவது முற்றிலும் நிற்கும்வரை அங்கேயே வைத்திருங்கள்.

சந்தையில் தள்ளிவிடுவதுதான் வழக்கம். தள்ளியவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை என்றால் பொய். ஆனாலும் நாற்பதாயிரம் ரூபாய் மாட்டை வைத்துத் தீனி போடு என்று சொல்லிவிட்டு நான் பென்ஷன் வாங்குகிறேன் என்பதும் தெரியும். வாங்குகிறவருக்கு மட்டும் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போனாலும், தரகர் வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்தாலும், முற்றிய சினைமாட்டை மலிவாகக் கொடுத்தால் நின்று யோசியுங்கள். காதில் 12 இலக்க அடையாள எண் பொறித்த தோடு இருக்கிறதா பாருங்கள். வாங்கினாலும் ஒரு மாதம் தனியே கட்டி, வந்த அன்றும் மாதக் கடைசியிலும் ரத்தம் பார்த்துவிட்டுக் கொட்டகையில் சேருங்கள். சுழி பார்க்கச் செலவிடும் நேரத்தில் பாதி போதும்.

தடுப்பூசி

4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை. எஸ் 19 என்ற, வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி அது. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். காளைக் கன்றுக்கும் சினைமாட்டுக்கும் போடக் கூடாது. வயது கடந்த கிடேரிக்குப் போட்டால் பின்னால் ரத்தப் பரிசோதனையில் நோயா தடுப்பூசியா என்று பிரிக்க முடியாமல் குழப்பும். ஏற்கெனவே நோய் வந்த மாட்டை இது குணமாக்காது. கன்றைப் பிடித்துக்கொள்கிறவர் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். துள்ளலில் ஊசி மனிதர் கையில் குத்தினால் அவருக்கே நோய் வரலாம், உடனே கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். போட்டவுடன் தோடு எண்ணையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாகூர்ப் பெரியவர் வீட்டில் இப்போது மூன்று பாசிட்டிவ் மாடுகள் கொட்டகையின் வடக்கு ஓரத்தில், கீற்றுத் தடுப்புக்கு அந்தப்புறம் நிற்கின்றன. ஊசி போடுகிறவர் இன்னும் வருகிறார். வேறு மருந்து இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாராம். போன மாதம் பெரியவர் என்னிடம் கேட்டது, நல்ல மாடு ஒன்று மாசி மகத்தன்று ஈன்ற கிடேரியைப் பற்றி. இங்கிலீஷ் தேதி அவருக்குக் கணக்கில் வராது. ஆனியில் நான்கு மாதம் முடிகிறது, ஐப்பசி வந்தால் எட்டு என்று விரல்விட்டுச் சொன்னேன். "ஆடிப்பெருக்குக்கு முன்னால் போட்டுவிடலாமா டாக்டரம்மா?" என்றார். போடலாம் என்றேன். அதுவரை அந்தக் கன்றை வடக்கு ஓரத்துப் பக்கம் விட வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன்.